பார்க்காமல் கையெழுத்துப் போடாதவர்

ராயபுரத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பதினோரு வருடங்களில் என்னோடு அதிகமாகச் சண்டை போட்டவர் அவர்தான். சண்டை என்றால் குரல் உயராது. டைப் அடித்துக் கொடுத்த கட்சி நோட்டீஸை வாங்கிக்கொண்டு கடைக்கு வெளியே, நல்ல வெளிச்சம் விழும் இடத்தில் போய் நிற்பார். வரிக்கு வரி விரலை வைத்துப் படிப்பார். பிறகு உள்ளே வந்து, "அனைவரும் எதிர்ப்புத் தெரிவித்தனர்னு போட்டுகீறியேமா, அனைவருமா தெரிவிச்சாங்க? நீ பாத்தியா?" என்பார். கட்சி ஆபீஸில் எழுதிக் கொடுத்ததைத்தான் நான் அடித்திருப்பேன். அதைச் சொன்னால், "அவங்களும் பாக்கல," என்பார். 'அனைவரும்' போய் 'பலரும்' வரும். அதற்குள் ஆதார் நகல் எடுக்க வந்த நான்கு பேர் முணுமுணுக்க ஆரம்பித்திருப்பார்கள்.

துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கைக் கண்ணால் பார்த்து, எத்தனை மூட்டை, எத்தனை பெட்டி, எது கிழிந்திருக்கிறது, எது நனைந்திருக்கிறது என்று சீட்டில் குறித்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. வாழ்நாள் முழுக்க அதைச் செய்ததால் அப்படி ஆனாரா, அப்படிப்பட்டவர் என்பதால் அந்த வேலை அவருக்கு ஒட்டிக்கொண்டதா என்று தெரியாது. தெருவில் அவரை டாலிக்காரர் என்பார்கள். நான் மாமா என்பேன். உறவு ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அவர் வீடு. அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போவார், மாலையில் கட்சிக் கூட்டத்துக்குப் போவார். இரண்டும் எப்படி ஒத்துப்போகிறது என்று கேட்டால், இரண்டு இடத்திலும் தரையில்தான் உட்கார்கிறேன் என்பார். பங்குச் சாமியார் அவரைத் தோமா என்று கிண்டல் செய்வார். காயத்தில் விரலை வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்ற அப்போஸ்தலர் தோமா. அதற்கு இவர், தோமா தொட்டுப் பார்த்த பிறகு கடைசிவரை ஓடிப்போகவில்லையே ஃபாதர் என்பார்.

அந்தக் குணத்தால் அவருக்கு நல்ல பெயர் கிடைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு விவரம் தெரிந்த வயதில் துறைமுகத்தில் ஒரு விபத்து நடந்தது. சரக்குத் தூக்கும் இரும்புக் கயிறு அறுந்து, கீழே நின்ற தொழிலாளி ஒருவரின் கால் நசுங்கிப்போனது. நிற்கக்கூடாத இடத்தில் நின்றான் என்று நிர்வாகம் சொன்னது. விசாரணையில் இவர் எழுந்து, கயிற்றில் இழைகள் பிரிந்திருந்ததைக் காலையிலேயே பார்த்தேன், சீட்டிலும் எழுதினேன் என்று சொன்னார். தொழிற்சங்கத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். மேற்பார்வையாளரும் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டும் தூக்கச் சொன்னார் என்று இவர் இன்னும் ஒரு வரி சொன்னால் போதும், அந்த ஆளுக்கு வேலை போகும் என்றார்கள். மேற்பார்வையாளர் பார்த்ததை இவர் பார்க்கவில்லை. தெரியாது என்றே சொல்லிவிட்டார். அந்த ஆள் தப்பித்துக்கொண்டார்.

கால் போனவரின் மனைவி இவர் வாசலில் வந்து நின்று அழுதது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் அந்த அம்மா இவரிடம் பேசியதே இல்லை. ஆனால் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிற நாளெல்லாம் இவர் போய் அந்த வீட்டுக் குடங்களை எடுத்து வரிசையில் வைப்பார், நிரப்பித் தூக்கிப்போய் வாசலில் வைப்பார். அந்த அம்மா கதவுக்குப் பின்னால் நிற்கும். இவர் குடங்களை வைத்துவிட்டு வந்துவிடுவார். எத்தனையோ வருடம் அப்படி நடந்தது.

ஸ்டெல்லாவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவள் புருஷன் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். குழந்தை இல்லை. அவளுடைய அம்மா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். ஸ்டெல்லா கறுப்பாக, ஒல்லியாக, எதற்கும் சட்டென்று சிரித்துவிடுகிற பெண். அதற்கப்புறம் திருவொற்றியூரில் ஒரு மருத்துவமனையில் உதவியாளராக வேலைக்குப் போனாள். பிறகு முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி எடுத்தாள். ஒரு நாள் கடைக்கு வந்து பாஸ்போர்ட் நகல் எடுக்கச் சொன்னாள். எந்த நாடு என்று கேட்டேன். இஸ்ரேல் என்றாள். எருசலேமில் அம்மாவுக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும் என்றும் சொன்னாள்.

அவருடைய கட்சி அந்த நாட்டோடு உறவே கூடாது என்று பல வருடமாகச் சொல்லிவந்த கட்சி. அந்தத் தீர்மானங்களையெல்லாம் நான்தான் அடித்திருக்கிறேன், அவர்தான் பிழை பார்த்திருக்கிறார். இருந்தும் மகளைப் போகாதே என்று அவர் சொல்லவில்லை. வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு நேரில் போய், ஒப்பந்தத்தில் ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்லவைத்துக் கேட்டார். பாதி நாள் ஆனது. கட்சியில் சிலர் ஜாடையாகப் பேசியபோது, வட்டச் செயலாளர் துரைராஜ் என் கடையிலேயே நேராகக் கேட்டான். அவன் இவரைவிட இருபது வயது இளையவன். இவர்தான் அவனைக் கட்சியில் சேர்த்தவர்.

"நான் வேணாம்ன்றது குண்ட, துப்பாக்கிய, அதுக்குப் போடற ஒப்பந்தத்த. ஒரு கெழவிக்குக் கஞ்சி ஊத்தறத வேணாம்னு நான் எப்பபா சொன்னேன்?" என்றார். துரைராஜ் அன்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

ஸ்டெல்லா அங்கே போய், எண்பத்தெட்டு வயதான ஓர் அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் என் கடைக்கு வந்துவிடுவார். என் கடையில் வைஃபை நன்றாக வரும். வீடியோவில் ஸ்டெல்லா முதலில் அந்த அம்மாவைக் காட்டுவாள். அந்த அம்மா கையை ஆட்டும், இவரும் கையை ஆட்டுவார். பிறகு இவருடைய பரிசோதனை ஆரம்பிக்கும். சாப்பாட்டைக் காட்டு, ஜன்னலைக் காட்டு, குண்டு விழுந்தால் போய் ஒளிகிற அறை இருக்கிறது என்றாயே, அதைக் காட்டு. அவள் போனைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவாள். அந்தக் கதவைச் சாத்திக் காட்டு என்பார். அவள் சிரித்துக்கொண்டே இரும்புக் கதவை இழுத்துச் சாத்துவாள். திரை இருட்டாகும். இருட்டுக்குள்ளிருந்து, "இப்ப நம்பறியா நைனா?" என்று அவள் குரல் வரும்.

பிறகு போர் வந்தது. காசாவில் தினமும் குண்டு விழுந்தது. எங்கள் தெருவில் மூன்று கட்சிக் கொடிகள் பறந்தன, மூன்றும் மூன்று விதமாகப் பேசின. ஒரு கட்சி, அந்த நாடு நமக்குத் தோஸ்து, நம் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிறது, உறவை இன்னும் நெருக்கமாக்க வேண்டும் என்றது. இவருடைய கட்சி, பிள்ளைகளைக் கொல்கிறவனோடு என்ன உறவு, ஆளும் அனுப்பாதே, ஆயுதமும் அனுப்பாதே என்றது. மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரிய கட்சி. அது பள்ளிவாசல் தெருவில் ஒன்று சொன்னது, கோயில் தெருவில் கொஞ்சம் மென்று விழுங்கியது. இவருடைய கட்சி அந்தப் பெரிய கட்சியோடு கூட்டணியில் இருந்தது. டீக்கடையில் பால்ய சிநேகிதர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆண்டவர் பிறந்த மண்ணைக் குறை சொல்லலாமா என்று சிலர் கேட்டால், காசாவிலும் நம் கோயில் இருக்கிறது, அங்கே ஒளிந்திருப்பவர்களும் செபமாலை சொல்கிறவர்கள்தான் என்று வேறு சிலர் சொன்னார்கள்.

இவர் தன் கட்சி சொன்னதைத்தான் சொன்னார், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தன் வழக்கத்தையும் விடவில்லை. துரைராஜ் ஒரு குழந்தையின் படத்தைக் கொண்டுவந்து நோட்டீஸில் போடச் சொன்னான். இடிபாட்டுக்கு நடுவே கிடந்த குழந்தை. இவர் அந்தப் படம் எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று என்னைத் தேடச் சொன்னார். தேடினேன். அது வேறொரு நாட்டில், பல வருடம் முன்னால் நடந்த வேறொரு போரில் எடுத்த படம். துரைராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியென்றால் காசாவில் குழந்தைகள் சாவது பொய்யா என்று கேட்டான்.

"பொய்யில்லபா. அந்தக் கொழந்தைக்கு அந்தக் கொழந்தையோட படத்தப் போடு," என்றார் இவர். "இந்தக் கொழந்தைக்கு வேற ஆத்தா கீறா."

படம் இல்லாமலே நோட்டீஸ் போனது. துரைராஜ் முகம் கொடுத்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

அப்புறம் அந்தக் கப்பல் வதந்தி வந்தது. ஆயுதப் பெட்டிகளோடு ஒரு கப்பல் நம் துறைமுகத்தில் நிற்கிறது, அது அந்த நாட்டுக்குப் போகிறது என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றியது. இவருடைய கட்சி பேசின் பிரிட்ஜ் வரைக்கும் ஆள் திரட்டி ஒரு தெருமுனைக் கூட்டம் போட முடிவு செய்தது. நோட்டீஸில் 'நம் துறைமுகத்தில் ஆயுதக் கப்பல்' என்பதுதான் தலைப்பு. கீழே துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்ற முறையில் இவர் பெயர். அப்போது இவர் ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை. பிறகு வந்து, இன்றைக்கு இதை அச்சடிக்காதே, விசாரித்துவிட்டு வருகிறேன் என்றார். இரண்டு நாள் துறைமுக வாசலில் போய் நின்றார். உள்ளே போக அவரிடம் பாஸ் இல்லை. ஷிஃப்ட் முடிந்து வருகிற பழைய ஆட்களை ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. இல்லை என்று சொல்லவும் யாருக்கும் தெரியவில்லை. எல்லாம் சீல் வைத்த கன்டெய்னர்கள், உள்ளே துப்பாக்கியும் இருக்கலாம், துணியும் இருக்கலாம் என்றார்கள். திரும்பி வந்து, அந்தத் தலைப்பை எடுத்துவிட்டு, 'ஆயுதப் பெட்டி வந்தால் ஏற்றமாட்டோம்' என்று போடச் சொன்னார். துரைராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. இவர் பெயரை எடுத்துவிட்டு, தலைப்பை அப்படியே வைத்து அச்சடித்தான்.

கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். துரைராஜ் நன்றாகப் பேசினான். கப்பலைக் கண்ணால் பார்த்தவன் மாதிரி பேசினான். கூட்டம் கொதித்தது. அந்தச் சூட்டில் மூத்த துறைமுகத் தோழர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று இவரை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டான். மேடையில் வைத்து மறுக்க மாட்டார் என்று நினைத்திருப்பான்.

மைக்கை வாங்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு, "கப்பல் வந்துகீதுன்னு எனக்குத் தெரியாது. நான் பாக்கல. ஆனா நாளைக்கி அப்டி ஒரு பொட்டி வந்தா, தூக்கமாட்டோம்னு மொத ஆளா ஹார்பர் கேட்டாண்ட நான் நிப்பேன்," என்றார்.

இரண்டாவது பாதி யார் காதிலும் விழவில்லை. கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து ஒருவன், மகளின் சம்பளம் பேசுகிறது என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அது முன்வரிசைவரைக்கும் வந்து சேர்ந்தது. இவர் கீழே இறங்கி, தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, கூட்டத்தின் நடுவிலேயே நடந்து வெளியே போனார். யாரும் வழி மறிக்கவில்லை, யாரும் கூடவும் போகவில்லை. நானும் போகவில்லை.

மறுநாள் காலையில் அந்த வீடியோ எல்லாருடைய போனிலும் இருந்தது. முதல் பாதி மட்டும். உறவு வேண்டும் என்ற கட்சிக்காரர்கள் வெட்டி அனுப்பியிருந்தார்கள். எதிர்க்கட்சியின் தோழரே பொய் என்று ஒப்புக்கொள்கிறார், அவர் மகளே அந்த நாட்டில் நன்றாகத்தான் வாழ்கிறாள் என்று கீழே எழுதியிருந்தது. அந்தக் கட்சியின் பகுதிப் பொறுப்பாளர் பாலாஜி எங்கள் தெருக்காரர்தான், சின்ன வயதில் இவரோடு ஒன்றாகக் கடலில் நீந்தியவர். ஒரு சால்வையை எடுத்துக்கொண்டு நான்கு பேரோடு இவர் வீட்டுக்கு வந்தார். இவர் அவர்களை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தார். சால்வையை வாங்கவில்லை. உறவு வேண்டாம் என்பதுதான் நேற்றும் என் பேச்சு, இன்றும் என் பேச்சு, நீ வெட்டியதை ஒட்டி முழுசாக அனுப்பு என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பாலாஜி டீயைக் குடித்துவிட்டுப் போனார். வீடியோ அப்படியேதான் சுற்றியது.

ஒரு வாரம் கழித்து துரைராஜ் கடைக்கு வந்தான். கூட்டணியில் இருக்கும் பெரிய கட்சி இந்த விவகாரத்தை முடித்துக்கொள் என்று சொல்லிவிட்டதாம். முடித்துக்கொள்வது என்றால் கப்பலைப் பற்றிப் பேசுவதை நிறுத்துவது, கூடவே யாரையாவது வெளியே தள்ளுவது. கையால் எழுதிய ஒரு தாளை மேஜையில் வைத்தான். மகளின் வெளிநாட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும் சுயநலத்தால் கட்சியின் நிலைப்பாட்டுக்கு எதிராகப் பேசியதால், அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறார் என்று இருந்தது.

நான் அதை அடித்தேன். இது உண்மையில்லை என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். வேறு கடைக்குப் போ என்றாவது சொல்லியிருக்கலாம். அவர்களுடைய வேலைகள் எல்லாம் என் கடைக்குத்தான் வந்தன, அடுத்து தேர்தல் வேறு வந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் அடித்து இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த நாள் அந்தக் கடிதத்தோடு அவரே வந்தார், ஒரு நகல் வேண்டும் என்று. நகல் எடுத்துக் கொடுத்தேன். வழக்கம்போல வெளிச்சத்துக்குப் போய் விரலை வைத்துப் படித்தார். அவர் திரும்பி வருவதற்குள் கடையைச் சாத்திவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

"நீ அடிச்சதாமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"முப்பத்திநாலு வருசமா உறுப்பினர்னு போட்டுகீது. முப்பத்தாறு."

அவ்வளவுதான் சொன்னார். நகலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எப்போதும்போல வந்தார். ஸ்டெல்லாவிடம் எதையும் சொல்லவில்லை, என்னையும் சொல்ல வேண்டாம் என்றார். கதவைச் சாத்திக் காட்டு என்றார். அவள் சாத்திக் காட்டினாள்.

பிறகு ஒரு வாரம் வேறொரு நாட்டிலிருந்து அங்கே ஏவுகணைகள் வந்து விழுந்தன. ஸ்டெல்லா இருந்த ஊரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் பாதி சரிந்து நிற்பதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். இரண்டு நாள் அவள் போன் எடுக்கவில்லை. தெருவில் ஆளாளுக்கு வந்து ஒரு சேதி சொன்னார்கள். அதே கட்டடம்தான் என்றார்கள், இல்லை, அது பக்கத்து ஊர் என்றார்கள். இவர் கதவைத் திறந்துவைத்து நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் நான் அவர் பக்கத்தில் இருந்தபோது ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. சைரன் கேட்டதும் அந்த அம்மாவைத் தூக்கி அந்த அறைக்குள் வைத்துவிட்டு, மாத்திரை டப்பாவை எடுக்க ஸ்டெல்லா திரும்பிப் போயிருக்கிறாள். அந்த அம்மா பிழைத்துக்கொண்டது.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கதவு கெட்டியாத்தாம்மா இருந்துச்சி," என்றார்.

உடல் வர பன்னிரண்டு நாள் ஆனது. படிவங்களையெல்லாம் நிரப்பியது நான் என்பதால் மீனம்பாக்கத்துக்கு நானும் கூடப் போனேன். விமான நிலையத்தில் சரக்கு வாங்குகிற பகுதியில்தான் உடலையும் வாங்க வேண்டும். காலை வெயிலில் துணி மூட்டைகளும் இயந்திரப் பெட்டிகளும் தள்ளுவண்டிகளில் போய்க்கொண்டிருந்தன. அலுவலர் ஒரு தாளை நீட்டினார். மாமா அதில் விரலை வைத்தார். எண்ணிக்கை என்ற இடத்தில் ஒன்று என்று இருந்தது. எடை எழுதியிருந்தது. பொருள் என்ற இடத்தில் மனித உடல் என்று இருந்தது. வாழ்நாள் முழுக்க அவர் பார்த்த சீட்டு மாதிரியேதான் அதுவும் இருந்தது.

அலுவலர் நல்ல மனிதர். பெட்டியைத் திறக்க வேண்டாம் ஐயா, அங்கிருந்தே எழுதி அனுப்பியிருக்கிறார்கள், பார்க்கும் நிலையில் இல்லை, கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு எடுத்துப் போங்கள் என்று பக்குவமாகச் சொன்னார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் மாமா என்றேன்.

"பாக்காம எப்டிமா கையெழுத்துப் போடறது?" என்றார்.

அவரைத் தடுக்க யாராலும் முடியவில்லை. ஓர் ஊழியரோடு உள்ளே போனார். நான் வெளியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பி வந்தபோது அவர் முகம் எப்போதும்போலத்தான் இருந்தது. பேனாவை வாங்கி, முன்னெழுத்துகளோடு முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார். வண்டியில் ஏறிப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். ராயபுரம் பாலம் இறங்கும்போது, "சின்ன வயசுல சைக்கிள் செயின்ல மாட்டிக்கினாளே, அந்தக் கால் வெரலப் பாத்தேன். ஸ்டெல்லாதான்," என்றார்.

தெருமுனையில் ஒரு பெரிய பேனர் கட்டியிருந்தது. நடுவில் ஸ்டெல்லாவின் படம், இரண்டு பக்கமும் இரண்டு நாட்டுக் கொடிகள். இரு தேசங்களின் நட்புக்கு உயிர் தந்த வீரமங்கை என்று எழுதி, கீழே படத்தில் பாலாஜி கைகூப்பிக்கொண்டிருந்தார். மாமா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். பாலாஜி அங்கேயே மாலையோடு நின்றிருந்தார்.

"அவுத்துரு பாலாஜி," என்றார். "இது என் பொண்ணு. உங்க ஒப்பந்தம் இல்ல."

பாலாஜி தானே ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். இறங்கியபோது அவர் அழுதுகொண்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய கட்சியின் கவுன்சிலர் வந்து மலர்வளையம் வைத்துவிட்டு, எந்த நாட்டின் பெயரையும் சொல்லாமல் போனார். துரைராஜ் வீட்டுக்கு வரவில்லை. தெருமுனையில் சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தான். காசிமேட்டுக் கல்லறைக்குப் போகும்போது பின்னால், தூரத்தில் வந்தான். கால் போனவரின் மனைவி, இத்தனை வருடம் பேசாமலிருந்த அந்த அம்மா, கல்லறையில் இவர் பக்கத்தில் வந்து நின்றது.

நான்கு நாள் கழித்து துரைராஜ் ஆள் அனுப்பினான். உறவின் விலை என்ன என்று கேட்டு ஒரு கண்டனக் கூட்டம் போடுகிறோம், தோழர் வந்து மகளைப் பற்றிப் பேசினால் நீக்கத்தை ரத்து செய்துவிடலாம் என்று சேதி. வந்தவரிடம் இவர், அவள் எந்தக் கூட்டத்துக்கும் வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஸ்டெல்லா இருந்த ஊரிலிருந்து ஒரே ஒரு முறை அழைப்பு வந்தது. ஸ்டெல்லா பார்த்துக்கொண்ட அந்த அம்மா. யாரோ போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா தன் பாஷையில் அழுது அழுது ஏதோ சொன்னது. நடுவில் ஸ்டெல்லா, ஸ்டெல்லா என்பது மட்டும் புரிந்தது. இவர் என் கடையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சரிம்மா, சரிம்மா என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார். என்ன சொல்கிறது என்று யாரிடமாவது கேட்டுச் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அதற்கப்புறம் அவர் ராயபுரத்தில் அதிக நாள் இருக்கவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். எண்ணூர் ஒன்றும் தூரமில்லை, பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். நான் இதுவரை போய்ப் பார்க்கவில்லை. போனால் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

ராயபுரத்தை விட்டுப் போவதற்கு முன்னால், முப்பதாம் நாள் பூசையன்று காலையில் அதற்கு ஓர் அட்டை அச்சடிக்க வந்தார். ஸ்டெல்லாவின் படம், பெயர், பிறந்த நாள், இறந்த நாள். கீழே என்ன போடலாம் என்று கேட்டேன். நானே இரண்டு மூன்று வரிகள் யோசித்து வைத்திருந்தேன். அவர், வேலைக்குப் போன இடத்தில் இறந்தாள் என்று போட்டால் போதும் என்றார். மாதிரிக்கு ஒன்று எடுத்து நீட்டிவிட்டு, பழக்கத்தில் வாசலை விட்டு நகர்ந்து வழிவிட்டேன். அவர் வெளியே போகவில்லை. அட்டையைப் பார்க்கக்கூட இல்லை. போட்டுவிடம்மா என்றார். நூறு போட்டுக் கொடுத்தேன். பையில் வைத்துக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகு மேஜையில் கிடந்த மாதிரி அட்டையை எடுத்துப் பார்த்தேன். பிறந்த வருடத்தைத் தப்பாக அடித்திருந்தேன். அது என்னுடைய வருடம், ஸ்டெல்லாவுக்கு அடுத்த வருடம் வர வேண்டும். கடையை அப்படியே விட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். அட்டைகள் எல்லா வரிசையிலும் கொடுத்தாகிவிட்டது. அவர் முதல் வரிசையில், தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன், எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிடுகிறேன், ஒரு மணி நேரத்தில் புதிதாக அடித்துத் தருகிறேன் என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது.

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். விரலை அந்த வருடத்தின் மேல் வைத்தார். எடுக்கவில்லை.

"இருக்கட்டும்மா," என்றார். "ஒரு வருசம் கூட இருந்தாள்னு இருந்துட்டுப் போவட்டும்."